மாலையில் அழியும் அட்டவணை

ஓஸ்டர்கார் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஆக்செல் கப்பலில் இயந்திரம் பார்க்கப் போனவன். நியூசிலாந்தில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அந்தக் கரையிலேயே தங்கிவிட்டான். கடைக்குட்டி யூதித் கோபன்ஹேகனில் ஒரு பல் மருத்துவருக்கு வாழ்க்கைப்பட்டாள். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும், ஆள் வரமாட்டாள். நடுவில் பிறந்த விபெக்கேதான் ஸ்கார்விக்கிலேயே தங்கினாள். அப்பாவை ஆறு வருஷம் பார்த்தாள், அம்மாவை ஒன்பது வருஷம் பார்த்தாள். இருவரையும் தேவாலயத்துப் பைன் மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருந்தது. வீட்டில் மூன்று படுக்கையறை. ஒன்றில்தான் வெளிச்சம் எரியும்.

அவளுக்குக் கல்யாணம் கூடி வராமல் இல்லை. மீன் ஏலக்கூடத்தில் எடை போட்ட வெர்னர் இரண்டு வருஷம் காத்திருந்தான். அம்மாவுக்கு இடுப்பு முறிந்த வருஷம் அது. பிறகு அவன் வேறு ஊர் போனான், வேறு பெண் பார்த்தான். அதைப் பற்றி விபெக்கே யாரிடமும் குறை சொன்னதில்லை.

வேலை, நகராட்சிச் சமையற்கூடத்தில். தனியே இருக்கும் வயசாளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்து, பெட்டியில் அடைத்து, வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம். முதலில் அவள் பென்சிலால் பட்டியல் எழுதும் குமாஸ்தாவாகத்தான் சேர்ந்தாள். யாருக்கு உப்பில்லாமல், யாருக்கு அரைத்து, யார் இன்று ஆஸ்பத்திரியில், யார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று நாளும் மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல். பிறகு நகராட்சி கணினி வாங்கியது. மாலை வகுப்புக்குப் பேருந்தில் போய்க் கற்றுக்கொண்டு வந்து அந்தப் பட்டியலுக்கான நிரலை அவளே எழுதினாள். சமையற்கூடத்துக்கு அடுத்த சின்ன அறை, ஒரு மேசை, ஒரு ஜன்னல். அதில் உட்கார்ந்து இருபத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

நிரல் செய்யும் வேலை இதுதான். காலை ஆறு மணிக்குச் சர்வரில் இருக்கிற நிரந்தர அட்டவணைகளிலிருந்து பெயர், முகவரி, பத்தியம் எல்லாவற்றையும் அள்ளி, அன்றைக்கு மட்டும் வேண்டிய ஒரு தற்காலிக அட்டவணையில் கோத்து வைக்கும். அதைப் பார்த்துத்தான் சமையல், அதைப் பார்த்துத்தான் வண்டி. இந்தத் தற்காலிக அட்டவணையை இரண்டு இடத்தில் வைக்கலாம். ஒன்று கணினியின் நினைவகத்தில். அது பரிமாறுகிறவள் கையில் ஏந்திய தட்டு மாதிரி. எடுக்கவும் வைக்கவும் வேகம், ஆனால் கையை விட்டால் தரையில். இன்னொன்று சர்வரின் வட்டில். அது அலமாரி மாதிரி; போய் எடுக்க வேண்டும், ஆனால் நிறையக் கொள்ளும், கையை விட்டாலும் இருக்கும். விபெக்கே நினைவகத்தைத் தேர்ந்தெடுத்தாள். முந்நூற்றுப் பத்துச் சாப்பாட்டுக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

வேகம் மட்டும் காரணம் இல்லை. அந்த அட்டவணையில் கடைசியாக ஒரு பத்தி உண்டு. மணியடித்தும் கதவு திறக்காத வீடு எது என்று குறிக்கும் பத்தி. ஓட்டுநர்கள் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்ததும் அவளிடம் சொல்வார்கள், அவள் அந்தப் பத்தியில் தட்டிவைப்பாள். இரண்டு மணிக்குப் போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவாள். எடுத்துவிட்டால் சரி. எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர், அப்புறம் தாதி. வேலை முடிந்து நிரலை மூடினால் பட்டியலும் போய்விடும், பத்தியும் போய்விடும். நேற்று யார் திறக்கவில்லை என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள்.

அதற்கு அவளுடைய தாய்மாமன் நீல்ஸ் பேட்டர்தான் காரணம். கடலோரம் தனியாக இருந்த மனுஷன். அந்தக் காலத்தில் சாப்பாடு கொண்டுபோன பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ‘திறக்கவில்லை’, ‘திறக்கவில்லை’ என்று பதினான்கு தரம் எழுதிவைத்தாள். நோட்டு நகராட்சிக்குப் போயிற்று. பதினான்கு தரம் திறக்காதவன் குடிகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஓரத்தில் எழுதினார்கள். அந்த ஓர எழுத்து அவரோடு மேசைக்கு மேசை நடந்து, கடைசியில் அவரை வீட்டைவிட்டுக் கிளப்பி முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருக்கு இரண்டு காதும் மந்தம், அவ்வளவுதான். மணி கேட்கவில்லை. இல்லத்தில் எட்டு மாசம் இருந்தார், பிறகு இல்லை. அம்மா சாகும்வரை அந்தச் சமையற்கூடத்து வாசல் வழியாக நடக்கமாட்டாள்.

அதனால் ஓட்டுநர்கள் கையில் கொண்டுபோகும் காகிதப் பட்டியலுக்கும் விபெக்கே ஒரு சட்டம் வைத்திருந்தாள். வண்டி திரும்பியதும் காகிதம் நேரே அரைக்கும் இயந்திரத்தின் வாயில்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் பிறந்ததும் நான்கு நகராட்சிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். மற்ற மூன்று ஊரின் சமையற்கூடங்களையும் மூடினார்கள். முந்நூற்றுப் பத்துச் சாப்பாடு ஆயிரத்து இருநூறு ஆயிற்று, நான்கு வண்டி பதினாலு ஆயிற்று. டிசம்பரிலேயே புதிய நகராட்சியின் கணினித் தலைவன் ஹால்ஃப்டன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். மரியாதையான ஆள், காலணியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். நினைவகம் இவ்வளவு தாங்காது என்று சொன்னான். நிரம்பி வழிந்தால் மிச்சத்தை ஒரு கோப்பில் கொட்டிவிட்டு வரிவரியாகத் தேடும், வட்டுக்கு மாற்றினால் சர்வரே எல்லா அட்டவணையையும் ஒரே மூச்சில் சேர்த்துத் தரும் என்றான். அதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அடுத்த வாக்கியத்தில் அவன், வட்டில் வைத்தால் கதவு திறக்காதவர்களின் எண்ணிக்கையையும் மாசாமாசம் எடுத்துக்கொள்ளலாம், மேலே கேட்கிறார்கள் என்றான். விபெக்கே காபியை ஊற்றினாள். பார்க்கலாம் என்றாள். பார்க்கவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் எல்லா ஊரும் ஒரே பட்டியலில் வந்த முதல் நாள். ஆறு மணிக்குத் தொடங்கிய பட்டியல் ஆறு நாற்பதுக்கும் முடியவில்லை. ஏழேகாலுக்கும் இல்லை. சமையற்கூடத்துத் தலைவி ரிக்மோர் கையில் கரண்டியோடு மூன்று தரம் எட்டிப் பார்த்தாள். பன்றி வறுவலை எத்தனை தட்டில் வெட்டுவது என்று தெரியாமல் அடுப்பு காத்திருந்தது. ஓட்டுநர் ஆய்விண்ட், இருபது வருஷமாக அதே வண்டி ஓட்டுகிறவன், நிலைக்கதவில் சாய்ந்து நின்றான்.

“என்ன விபெக்கே, உன் பெட்டி நம்மள மாதிரியே கெழமாயிடுச்சு போல.”

“நீ வண்டியைப் பாரு. அதைத் தள்ளித்தானே ஸ்டார்ட் பண்ற.”

“தள்ளினாலாவது அது ஓடுது.”

ஒன்றரை மணி நேரம் தாமதமாக வண்டிகள் கிளம்பின. பனி வேறு. திரும்பி வந்தபோது மணி இரண்டரை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகக் காகிதத்தை இயந்திரத்தில் விட்டுவிட்டு, திறக்காத வீடுகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். விபெக்கே தட்டிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு வீடு. கடைசியாக வந்த ஆய்விண்ட், வைபோரில் அக்கா வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டே பன்னிரண்டாவது பெயரைச் சொன்னான். அவள் அதையும் தட்டினாள், மனசில் வாங்கவில்லை. பின்னாலிருந்து ரிக்மோர் நாளைக்கு ரொட்டி எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக் கணக்கை எடுக்கப்போனபோது திரை உறைந்துவிட்டது. சுட்டி நகரவில்லை. ஹால்ஃப்டனுக்குப் போன் போட்டாள். நினைவகம் முட்டிப்போய்விட்டது, மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று அவன் சொன்னான். இருபத்தோரு வருஷமாகத் தினமும் வேலை முடிந்ததும் மூடிப் பழகிய விரல், அவள் யோசிப்பதற்கு முன்னால் மூடிவிட்டது.

திரை கறுத்த அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. இன்னும் ஒரு வீட்டையும் கூப்பிடவில்லை.

நிரலைத் திறந்தால் புதுப் பட்டியலைக் கோத்துத் தரும். ஆயிரத்து இருநூறு பெயரும் இருக்கும். கடைசிப் பத்தி பாலாடை மாதிரி வெள்ளையாக இருக்கும். காகிதம் அரைபட்டுவிட்டது. அதுவும் அவள் வைத்த சட்டம்தான்.

போனில் ஹால்ஃப்டன் இன்னும் இருந்தான். “என்ன ஆச்சு?”

“பன்னெண்டு பேரை தொலைச்சிட்டேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

ஒரு காகிதத்தை எடுத்து நினைவிலிருந்து எழுதினாள். வாத்து வளர்க்கிற விதவை. அருகருகே அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் இருக்கிற இரண்டு வீடு. ஓய்வுபெற்ற தபால்காரர். முனை வீட்டு அஸ்தா. இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்திழுத்துப் பதினொன்று வரை வந்துவிட்டாள். பதினொரு பேரையும் கூப்பிட்டாள். ஒருத்தி தூங்கிப்போயிருந்தாள், ஒருவர் கண் டாக்டரிடம் போய்வந்திருந்தார், எல்லோரும் எடுத்தார்கள். பன்னிரண்டாவது வரவேயில்லை. ஆய்விண்டின் கைப்பேசி அணைத்துக் கிடந்தது. வண்டி ஓட்டும்போது அவன் அதை எடுக்கமாட்டான். பனியில் தரையில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிற ஒரு மனிதரை அவள் கண்ணால் பார்த்தாள். முகம் மட்டும் தெரியவில்லை.

பின்கட்டில் உயிரி எரிவாயு ஆலைக்குப் போகிற எச்சில் தொட்டி இருந்தது. திரும்பி வந்த பெட்டிகளை அதில்தான் கொட்டுவார்கள், மேலே ஒட்டின தாளோடு. தாளில் எண் இருக்கும். விபெக்கே கையுறையைக் கூடத் தேடவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு குனிந்தாள். ஆறிப்போன பார்ஸ்லிக் கீரைக் குழம்பும் உருளைக்கிழங்கும் கையெல்லாம் அப்பிக்கொண்டது. ரிக்மோர் வந்து பார்த்தாள். பக்கத்தில் குனிந்து அவளும் அள்ளினாள். ஒவ்வொரு தாளாக வாளித் தண்ணீரில் அலசி, அவள் எழுதிய காகிதத்தோடு ஒப்பிட்டு, ஒதுக்கி வைத்தார்கள். மிஞ்சியது ஒரே எண். நானூற்று ஆறு.

தைகே பிரூன். எண்பத்து நான்கு வயது. தூர்வாரும் படகில் இயந்திரம் பார்த்தவர், துறைமுகத்துக்கு மேலே கடைசி வீடு. அவளுக்கு முகம் தெரியாது, குரல் தெரியும். அவ்வப்போது கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். பக்கத்து வீடு குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் கோடை வீடு. தாதியர் அலுவலகம் இப்போது நாற்பது நிமிஷம் தள்ளி இருந்தது.

கோட்டைப் போட்டுக்கொண்டு அவளே வண்டியை எடுத்தாள். மணி நாலு ஆகப்போகிறது, வெளிச்சம் சாம்பலாகிவிட்டது. துறைமுகத்து மேட்டில் ஏறியதும் எதிரே ஒரு கறுப்பு உருவம், கைத்தடியை ஊன்றி, பனிக்குவியலில் ஒரு கால் பாதையில் ஒரு கால் வைத்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“தைகே பிரூனா?”

குரலைக் கேட்டதும் அந்தக் கிழவர் நின்றார். மூச்சு வெண்ணிறமாக வந்தது.

“நீதானா. உயிரோடதான் இருக்கியா?”

“நீங்க எங்க கிளம்பிட்டீங்க, இந்தப் பனியில?”

“உன்னைப் பாக்கத்தான். ரெண்டு மணிக்குப் போன் வரல. ரெண்டரைக்கும் வரல. மூணுக்கும் வரல. உனக்கு யாரும் இல்லைன்னு ஆய்விண்ட் சொல்லியிருக்கான். அந்த ரூம்ல விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?”

அவரை வண்டியில் ஏற்றி வீட்டுக்குத் திருப்பினாள்.  வீட்டில் அவர் காபி வைத்தார், பாதி காய்ந்த கறுப்பு ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்தார். விபெக்கேயின் கையில் இன்னும் குழம்பு வாசனை இருந்தது; அது எப்படி வந்தது என்று சொன்னாள். மணி ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டாள். அப்போதுதான் கிழவர் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“கேட்டுச்சு. எப்பவும் கேக்கும். மூணு வாரத்துக்கு ஒருக்கா நான் தெறக்கறதில்ல. எம் பொண்டாட்டி எல்சே செத்ததுக்கப்புறம் ஒன்பது வருஷமா.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அதுக்கு மேல செஞ்சா நீ கண்டுபுடிச்சிருவேன்னு பயம். நீ கண்டுபுடிக்கவே இல்ல. ஒவ்வொரு தரமும் புதுசா கேப்பே, நல்லா இருக்கீங்களா, சாப்பாடு மறுபடி அனுப்பட்டுமான்னு. தோட்டத்துல இருந்தேன்னுவேன், குளிச்சேன்னுவேன். நீ நம்பிருவே. போன மார்ச்சுல உனக்கு இருமல் மூணு வாரம் இருந்துச்சு.”

இருந்தது. அந்த இருமலை அவளிடம் விசாரித்தவர் ஒருவருமில்லை. ஒன்பது வருஷத்தில் நூற்றைம்பது தரத்துக்குக் குறையாமல் இந்த மனுஷன் அவளுடைய அட்டவணையில் வந்திருக்கிறார். ஒவ்வொரு மாலையும் அவள் அதை அழித்திருக்கிறாள். நீல்ஸ் பேட்டரின் நோட்டு மாதிரி ஒன்று வைத்திருந்தால் இரண்டாம் மாசமே இவர் பெயருக்கு ஓரத்தில் யாராவது எழுதியிருப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் இல்லாமல் யாரும் யாரையும் போனில் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆகவே ஒரு காரியத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவர் தலை கவிழ்ந்திருந்தது. “இனிமே செய்யமாட்டேன், பொண்ணே. நீ பெட்டியைத் தேடி எச்சில் தொட்டியில கை விட்டுட்டு வந்திருக்க. வாசனை வருது.”

மறுநாள் ஹால்ஃப்டன் தானே வந்தான். வழியெல்லாம் பன்னிரண்டு பேரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தவன் மாதிரி முகம். விபெக்கே எடுத்த முடிவை நேரே சொன்னாள். பட்டியல் முழுவதும் வட்டுக்குப் போகும். அந்த விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி, ஒரு மாசம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். திறக்காத வீடுகள் தனி அட்டவணை, அதுவும் வட்டில்தான், சர்வரின் தற்காலிக இடத்தில். அவள் திரையை மூடினாலும், அவளே ஒருநாள் விழுந்து கிடந்தாலும் அது அங்கே இருக்கும். ரிக்மோரும் பார்க்கலாம், கூப்பிடலாம். ஆனால் காலை நாலு மணிக்குச் சர்வர் அதைத் துடைத்துவிடும். எண்ணிக்கை கிடையாது.

“மேல கேப்பாங்க, விபெக்கே. நான் என்ன சொல்றது?”

“என் தாய்மாமனுக்குக் காது கேக்காதுன்னு சொல்லு.”

அவனுக்கு அது புரியவில்லை. அவள் நீல்ஸ் பேட்டரின் கதையைச் சொன்னாள், முழுதாக, ஓரத்தில் என்ன எழுதினார்கள் என்பதுவரை. தைகே பிரூனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹால்ஃப்டன் கேட்டுவிட்டு, வேறு ஒரு வழியாகப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னான். கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கையை ஒருவரும் கேட்கவில்லை.

நிரலை மாற்ற இரண்டு வாரம் பிடித்தது. ஆயிரத்து இருநூறு பெயரும் ஐம்பது விநாடியில் வந்து நின்றன. ஆய்விண்டுக்குக் கிண்டல் செய்ய விஷயம் இல்லாமல் போக, அவன் காபியைக் குறை சொல்ல ஆரம்பித்தான்.

மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு மணிக்கு விபெக்கே பத்தியில் மேலிருந்து கீழ் பார்த்தாள். நானூற்று ஆறு இல்லை. மறுநாளும் பார்த்தாள். ஐந்தாம் வாரம் ஆயிற்று, ஆறாம் வாரம் ஆயிற்று. கிழவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தினமும் கதவைத் திறக்கிறார், பெட்டியை வாங்குகிறார், நன்றி சொல்கிறார் என்று ஆய்விண்ட் சொன்னான். அவள் மற்ற வீடுகளைக் கூப்பிட்டாள், நலம் விசாரித்தாள், வைத்தாள். அறையில் ஜன்னலுக்கு வெளியே பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் மூன்று அறையில் ஒன்றில் விளக்கைப் போட வேண்டும்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை, திறக்காத வீடு ஒன்றுகூட இல்லை. அட்டவணை காலி. கூப்பிட ஆளில்லாமல் அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்து நானூற்று ஆறின் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

“இன்னிக்கு நான் கதவைத் தெறந்தேனே” என்றார் கிழவர், பதறிப்போய்.

“தெரியும்” என்றாள்.

  அந்தப் பக்கம் வானொலியில் கடல் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.